நாற்காலியில உட்கார்ந்து பேசினா, பேசறது நாற்காலி

ஜகார்த்தா விவகாரத்தைப் பத்தி இனி எழுதவே கூடாதுன்னு இருந்தேன். ரெண்டு வரி எழுதிட்டுப் போன வாரம் வாங்கிக் கட்டிக்கிட்டதே போதும். ஆனா ஞாயித்துக்கிழமை வில்லியனூர் கல்யாணத்துல, பந்தியில, என் கொழுந்தனார் பத்துப் பேருக்குக் கேட்கற மாதிரி சொன்னார்: "பட்டாளத்துக்காரன் என்ன பேசணும்னு ஃபைல் தள்ளினவங்க சொல்லக் கூடாது அண்ணி."

ஃபைல் தள்ளினவங்கன்னது, ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆன என்னை. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன். அதனாலதான் இப்ப ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதறேன்.

நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு. நாற்காலியில உட்கார்ந்து பேசினா, பேசறது நாற்காலி. நீங்க இல்ல. ஜகார்த்தாவுல நம்ம தூதரகத்துல இருந்த கடற்படை கேப்டன், 2025 ஜூன் 10 அன்னிக்கு ஒரு கருத்தரங்க மேடையில, மே மாசம் பாகிஸ்தானோட நடந்த சண்டையில நாம சில விமானங்களை இழந்தோம், பாகிஸ்தான் ராணுவ இலக்குகளை அடிக்கக் கூடாதுன்னு அரசியல் தலைமை போட்ட கட்டுப்பாடுதான் அதுக்குக் காரணம்னு சொன்னார். மாசக் கடைசியில அது ஊரெல்லாம் தெரிஞ்சதும், தூதரகம் அவர் பேச்சைச் சந்தர்ப்பத்துலேர்ந்து பிச்சு எடுத்துட்டாங்கன்னு அறிக்கை விட்டது. அதோட விட்டாங்களா? நம்ம படைகள் மக்கள் தேர்ந்தெடுத்த தலைமைக்குக் கட்டுப்பட்டவை, பக்கத்து நாடுகள் சிலது மாதிரி இல்லைன்னு ஒரு இடியும் சேர்த்து. ஒரு ஓட்டையை அடைக்கப் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்ச கதை.

அதுவும் எந்த ஊர் மேடை? 2025 குடியரசு தினத்துக்கு நாம சிறப்பு விருந்தினரா கூப்பிட்டு உட்கார வெச்சது இந்தோனேசிய அதிபர் பிரபோவோவை. பிரம்மோஸ் ஏவுகணையை அவங்களுக்கு விக்கறதுக்கு அப்ப பேச்சு நடந்துக்கிட்டு இருந்தது. சரக்கு வாங்க வந்தவன் எதிர்லயே கடைப் பையன் முதலாளியைக் குறை சொன்னா எப்படி இருக்கும்?

"உண்மையைத்தானே சொன்னார்"னு ஒரு கூட்டம். சரி, உண்மைதான்னே வெச்சுக்குங்க. 2022 ஜனவரி 21 அன்னிக்கு நம்ம டெல்லிக்கு வந்து ஜெர்மனி கடற்படைத் தளபதி ஷோன்பாக், உக்ரைன்கிட்டேர்ந்து ரஷ்யா பிடிச்சுக்கிட்ட கிரைமியா போனது போனதுதான், திரும்பி வராது, புதினுக்கு மரியாதை கொடுக்கணும்னு பேசினார். ஜெர்மனி அரசு அப்ப சொல்லிக்கிட்டு இருந்ததுக்கு நேர் எதிர். உக்ரைன் உடனே ஜெர்மனித் தூதரைக் கூப்பிட்டுக் கண்டிச்சது. அது அவர் சொந்தக் கருத்துன்னு யாராவது விட்டாங்களா? மறுநாளே பதவியை விட்டுப் போனார். அவர் மனசுல பட்டதைத்தான் பேசினார். மனசுல படறதைப் பேச வீடு இருக்கு, சாயங்காலம் கடற்கரைச் சாலை இருக்கு, ரிட்டயர் ஆனா யூடியூப் இருக்கு. நாற்காலியில உட்கார்ந்து பேசினா, பேசறது நாற்காலி.

இது எனக்குப் புத்தகம் படிச்சு வந்த ஞானம் இல்ல. எங்க தாத்தா கதை.

1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரியை இந்தியாகிட்ட ஒப்படைக்கப் பிரெஞ்சுக்காரங்களோட போட்ட ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள். புதுச்சேரியில பிறந்து இங்கேயே குடியிருக்கறவங்க பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா இந்தியக் குடிமகன். அவ்வளவுதான் சட்டம். எங்க தெருவுல ஒரு கூட்டம் போட்டு, ஒரு பெரிய அதிகாரி வந்து (எந்தத் தரப்புன்னு கேட்காதீங்க, அவர் பிள்ளைங்க இங்கதான் இருக்காங்க) "அவசரப்பட வேண்டாம், பின்னாடியும் எழுதிக் கொடுக்கலாம்"னு சொல்லியிருக்கார். தாத்தா நம்பிட்டார். துரையே சொல்லிட்டாரேன்னு. 63 பிப்ரவரி வந்துச்சு, போச்சு. தாத்தாவோட தம்பி யார் பேச்சையும் கேட்காம முதல் வாரமே எழுதிக் கொடுத்தவர். அவர் பேரப் பசங்க இன்னிக்குப் பாரிஸ்ல. டிசம்பர்ல வரும்போது சாக்லேட் கொண்டு வருவாங்க. ஒரு ரெண்டு யூரோ நாணயமும், "ஞாபகத்துக்கு வெச்சுக்குங்க அக்கா"ன்னு.

தாத்தா பின்னாடி அந்த அதிகாரியைத் தேடிப் போய்க் கேட்டிருக்கார். அவர் சொன்ன பதில் எங்க வீட்டுல பழமொழி மாதிரி ஆயிடுச்சு: "அது என் அபிப்பிராயமா சொன்னதுய்யா."

அபிப்பிராயம்!

உடனே ஆரம்பிச்சுடாதீங்க, இவளுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைக்காத வயித்தெரிச்சல்னு. எனக்கு இந்தியாவே போதும். வயித்தெரிச்சல் கொஞ்சம் இருக்கு, ஆனா நான் சொல்ற விஷயம் அது இல்ல.

அடுத்து, "அப்ப எல்லாத்தையும் மூடி மறைக்கச் சொல்றீங்களா?"ன்னு கேட்பாங்க. இதுக்கு எனக்குச் சட்டுனு பதில் வரலை, ஒத்துக்கறேன். விமானம் விழுந்ததை முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்னிக்கு ஒத்துக்கிட்டார். எங்க? சிங்கப்பூர்ல. அப்புறம் மீதி ஜகார்த்தாவுல. நம்ம வீட்டுல நடந்தது நமக்கு அடுத்த வீட்டு மாடியிலேர்ந்துதான் கேட்கணுமா? நாடாளுமன்றம்னு ஒரு கட்டடம், புதுசாவே கட்டியிருக்கோம். அங்க நின்னு அமைச்சர் சொல்லியிருந்தா கேப்டன் பேச்சை யார் சீண்டியிருப்பாங்க?

நாற்காலி சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொன்ன ஆளுக்கு என்ன கிடைச்சுதுன்னும் பார்த்தோம். மே 10 அன்னிக்குச் சண்டை நிறுத்தத்தை அறிவிச்சார் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. முடிவு எடுத்தது அவரா? அவர் பொண்ணு வரைக்கும் இழுத்துத் திட்டினாங்க. கடைசியில எக்ஸ் கணக்கைப் பூட்டிட்டார். அப்ப கேப்டனுக்குக் கைதட்டின வாய்தான் மிஸ்ரியையும் திட்டுச்சுன்னு நான் சொல்லல. சிலது ஒரே வாய்தான். என் கொழுந்தனார் அனுப்பின ஃபார்வர்டு இன்னும் என் போன்ல இருக்கு.

நாற்காலியே ரெண்டு விதமா பேசினா என்ன பண்றதுன்னு கேளுங்க, அதுக்குத்தான் நான் முழிக்கறேன். கச்சத்தீவு ஒப்பந்தத்துல இந்தியாவுக்குச் சொந்தமான நிலம் எதையும் விட்டுக் கொடுக்கலை, அந்தப் பகுதிக்கு எல்லையே வரையறுக்கலைன்னு 2015-ல தகவல் உரிமைச் சட்டத்துல பதில் கொடுத்தது வெளியுறவு அமைச்சகம். 2024 தேர்தல் வந்ததும், காங்கிரஸ் தூக்கிக் கொடுத்துடுச்சுன்னு பிரதமரே எழுதினார். கொழும்புல, இது அம்பது வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச கதைன்னு சொல்லிட்டாங்க. தேர்தல் முடிஞ்சது. தீவு அங்கேயேதான் இருக்கு.

நான் காரைக்கால்ல ரெண்டு வருஷம் வேலை பார்த்தவ. 2025 ஜனவரி 28 அன்னிக்கு நெடுந்தீவுப் பக்கம் நம்ம மீனவங்க படகை இலங்கைக் கடற்படை சுட்டதே, அந்தப் படகுல 13 பேர். அஞ்சு பேருக்குக் காயம். டெல்லியில இலங்கைத் தூதரகத்து அதிகாரியைக் கூப்பிட்டுக் கண்டிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி அங்க எனக்கு மீன் கொடுத்த அம்மா போன்ல கேட்டது: "எல்லாத்தையும் பேசறாங்களேம்மா, எங்களுக்கு மட்டும் என்னம்மா முடிவு பண்ணியிருக்காங்க?" ஃபைல் தள்ளினவதானே நான், எனக்கு எப்படித் தெரியும். விசாரிக்கறேன்னு சொல்லி வெச்சேன். சொன்ன உடனே எனக்குச் சுருக்குன்னுது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நாற்காலிக் குரல்லயே சொல்லியிருக்கேன், ரிட்டயர் ஆகியும்.

தம்பி, இதை நீங்க படிப்பீங்கன்னு தெரியும். புதன்கிழமை மறுவீட்டு விருந்துல பார்ப்போம். பென்ஷன் நிலுவைக்கு நாலு தடவை மனு எழுதி, எந்த மேசையில நிக்குதுன்னு தேடித் தேடி வாங்கிக் கொடுத்தது எந்தப் பட்டாளத்துக்காரன்னு அங்க வந்து பத்துப் பேருக்குக் கேட்கற மாதிரி சொல்லுங்க.