டெராஹெர்ட்ஸை வைத்து நீரோட்டம் பார்க்க முடியாது

அண்ணே, லேசரைப் படிகத்துக்குள் விட்டால் சக்தி பல மடங்காகி டெராஹெர்ட்ஸ் (மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் இடைப்பட்ட அலை) துடிப்பாக வரும், அது 200 அடி ஆழத்துத் தண்ணீரைக் காட்டும் என்று மேலே உள்ள பதிவில் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. மன்னார்குடி பக்கம் யாராவது இதை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

படிகம் சக்தியைப் பெருக்காது. மிக மிகக் குறுகிய, ஃபெம்டோ விநாடி அளவு லேசர் துடிப்பை லித்தியம் நையோபேட் என்ற படிகத்தில் செலுத்தினால் அதில் சின்னப் பங்குதான், பெரும்பாலும் 1 சதவீதம்கூட இல்லை, டெராஹெர்ட்ஸாக மாறும். அதற்கே பெரும்பாடு: படிகத்துக்குள் லேசர் முந்தி ஓடும், டெராஹெர்ட்ஸ் அதில் பாதி வேகம்கூட இல்லாமல் பின்தங்கும், அதனால் கிரேட்டிங் (நுண்கோடுகள் போட்ட ஒளித்தகடு) வைத்துத் துடிப்பின் முகப்பைச் சுமார் 63 டிகிரி சாய்த்தால்தான் அலைகள் ஒன்றுசேர்ந்து வலுக்கும். 2002இல் ஹெப்லிங் என்ற இயற்பியலாளரின் குழு சொன்ன வழி இது. சென்டிமீட்டருக்கு 10 லட்சம் வோல்ட் மின்புலம் கிடைப்பது நிஜம், ஆனால் ஒரு புள்ளியில் குவித்தால், அதுவும் ஒரு பிக்கோ விநாடி (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவுக்கு.

அப்புறம் தண்ணீர். 1 டெராஹெர்ட்ஸில் 0.1 மில்லிமீட்டர் தண்ணீரே சுமார் 90 சதவீதத்தை விழுங்கிவிடும். நம்ம சம்பா வயலில் மேல்சேற்றையே தாண்டாது! இலையில் எவ்வளவு ஈரம் என்று அளக்க இந்தக் குணம் உதவும், அதில் ஆய்வுகள் நடக்கின்றன.

போர் போட இடம் பார்க்க வேண்டுமென்றால் மின்தடை ஆய்வு (தரைக்குள் மின்சாரம் செலுத்தி அடியில் இருப்பதை அறிவது) செய்பவரைக் கூப்பிடுங்கள். வேதாரண்யம் பக்கம் கீழே உப்புத் தண்ணீரா என்பதற்கும் அது ஓரளவு குறிப்புக் காட்டும்.