விருது அவருக்கு, வசவு எனக்கு

மேடையில் ஒரு பெரியவர் பேசிய அந்தக் கிளிப்பை, பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் பாக்கி இல்லை என்று நினைக்கிறேன். சித்தப்பா மகன்கூட "அக்கா, உன்னைத்தான் சொல்றார் பாரு" என்று சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்பிவிட்டான். பார்த்தேன். விருது வாங்கின பேராசிரியரே போனில் வந்து பாடம் எடுக்கும்போது இந்த மூன்றாம் தர வாத்தியார்களுக்கு எதற்குச் சம்பளம் என்று அந்தப் பெரியவர் கேட்டதைக்கூட விட்டுவிடலாம். மேடையில் மைக் கிடைத்தால் யாரும் எதையும் பேசுவார்கள். உடனே எழுந்த கைத்தட்டலைத்தான் தாங்க முடியவில்லை. முன்வரிசையில் தட்டியவர்களில் பாதிப் பேர் கல்லூரி நடத்துகிறவர்கள். அவர்களுக்கு இனிக்காதா பின்னே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பேராசிரியர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நானே அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆப்பன்ஹீம் 1987இல் பதிவு செய்த சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வகுப்புகளை இன்றைக்கும் செமஸ்டர் தொடங்குமுன் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். கற்பித்தலுக்காக, மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇயின் பதக்கம் வாங்கிய மனிதர். அதே எம்ஐடியின் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா தெரியாத இன்ஜினியரிங் பிள்ளை உண்டா? ஐஐடி மெட்ராஸ் பாலகிருஷ்ணன் சாரின் குவாண்டம் இயற்பியல் வகுப்பைப் பார்த்துவிட்டு, இவரிடம் நேரில் படிக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஏங்கியவர்களில் நானும் ஒருத்தி. அவர்கள் பெரியவர்கள். அதில் சண்டையே இல்லை.

என் சண்டை ஒன்றே ஒன்றுதான். அவர்கள் செய்வது ஒரு வேலை, நான் செய்வது வேறொரு வேலை. அவர் பாடம் சொல்கிறார். பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை. முதல் வேலை பிரமாதமாக நடப்பதால் இரண்டாவது வேலைக்கு ஆள் வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த விருதுப் பேராசிரியர்களின் சொந்த ஊரில் என்ன நடக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? ஸ்ட்ராங்கின் அந்தப் புகழ்பெற்ற வகுப்புகள் 1999இல் எம்ஐடி மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறையில் பதிவானவை. அந்தப் பிள்ளைகள் லெக்சர் முடிந்ததும் ரெசிடேஷன் என்ற சின்ன வகுப்புக்குப் போனார்கள். அங்கே இன்னொருவர் அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஹார்வர்டில் அரசியல் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டெல் நீதி பற்றி ஆயிரம் பேர் நிறைந்த அரங்கில் பேசுவார். சரி. அதற்கப்புறம் அந்த ஆயிரம் பேரும் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து உதவி ஆசிரியர்களோடு விவாதிப்பார்கள், அவர்கள்தான் கட்டுரை திருத்துவார்கள். அங்கேயே டேவிட் மலன் நடத்தும் சிஎஸ்50 என்ற கணினி அறிமுக வகுப்புக்குப் பின்னால் உதவி ஆசிரியர்களின் ஒரு பட்டாளமே இருக்கிறது. கேமரா மேடையைத்தான் காட்டும், பட்டாளத்தைக் காட்டாது. நம் ஆட்கள் மேடையை மட்டும் பார்த்துவிட்டு, பட்டாளம் தேவையில்லை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இது ஏதோ வயிற்றெரிச்சலில் நான் மட்டும் சொல்வதல்ல. 2013இல் அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில், சாண்டெலின் காணொளிகளை வைத்துத் தத்துவ வகுப்பு நடத்தச் சொன்னபோது, அந்தத் துறை ஆசிரியர்கள் முடியாது என்று சாண்டெலுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உங்கள் மாணவர்கள் உங்களோடு விவாதிப்பதை எங்கள் மாணவர்கள் வேடிக்கை பார்க்கவா என்பதுதான் அதன் சாரம். சாண்டெல் என்ன சொன்னார் தெரியுமா? தன் காணொளிகள் வேறு கல்லூரி ஆசிரியர்களைப் பலவீனப்படுத்தப் பயன்படுவதைத் தான் விரும்பவில்லை, அவர்களது கவலை நியாயமானது என்றார். 2018இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசி விருது வாங்கிய மனிதருக்கு அந்தப் பக்குவம் இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறவர்களுக்குத்தான் இல்லை.

அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. எம்ஐடியின் சர்க்யூட்ஸ் காணொளிகளை வீட்டில் பார்த்துவிட்டு வரச்சொல்லி, வகுப்பில் உள்ளூர் ஆசிரியரோடு கணக்குப் போட வைத்தார்கள். தேர்ச்சி விகிதம் ஏறியது. 2013 தொடக்கத்தில் உடாசிட்டி என்ற ஆன்லைன் பாட நிறுவனத்தோடு சேர்ந்து முழுக்க ஆன்லைனில் கணிதப் பாடங்கள் நடத்தினார்கள். தேர்ச்சி வழக்கமான வகுப்பைவிடக் கீழே போய், திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஆசிரியர் இருந்த இடத்தில் ஏற்றம், இல்லாத இடத்தில் இறக்கம். இதைவிட எப்படிச் சொல்வது?

ஹார்வர்டும் எம்ஐடியும் தாங்கள் தொடங்கிய எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய வகுப்புகளின் ஆறு வருடத் தரவு 2019இல் சயன்ஸ் இதழில் வந்தது. 2017–18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். காசு கட்டிச் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் முடித்தார்களே என்று கிளம்பி வருவீர்கள், தெரியும். காசு கட்டத் தெம்பும், படிக்கும் பழக்கமும் ஏற்கெனவே இருப்பவர்கள் அவர்கள். என் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள் இல்லை.

போன வருடம் ஒரு பையன். அருப்புக்கோட்டை பக்கம், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இரண்டு சிக்னல்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, நகர்த்தி, பெருக்கிக் கூட்டும் கன்வல்யூஷன் கணக்கை நடத்தி முடித்த அன்று மாலை ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கித் தயங்கி நின்றான். "மேம், வீடியோ நாலு தடவை பார்த்துட்டேன். எதுக்குத் திருப்பிப் போடணும்னு மட்டும் புரியல." திருப்பிப் போடுவது எப்படி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை. பழைய விடைத்தாள் ஒன்றின் ஓரத்தைக் கிழித்து, பட்டையாக்கி, அதில் எண்களைத் தலைகீழ் வரிசையில் எழுதி, இன்னொரு தாளில் எழுதிய எண்களுக்குக் கீழே ஒவ்வொரு கட்டமாக நகர்த்தச் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் பெருக்கிக் கூட்டச் சொன்னேன். மூன்றாவது நகர்த்தலில் கையை எடுத்துவிட்டான். "அப்போ முன்னாடி வந்த இன்புட்தான் மேம் இப்போ லேட்டா பேசுது?" அவ்வளவுதான். அவனே சொன்ன வாக்கியம் அது. இந்த வருடம் நான் வகுப்பில் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஆப்பன்ஹீம் இதைவிட அழகாக விளக்கியிருக்கிறார், சத்தியமாக. ஆனால் அந்தப் பையன் எந்த இடத்தில் சிக்கி நிற்கிறான் என்று ஆப்பன்ஹீமுக்கு எப்படித் தெரியும்?

"ஃபோரத்தில் கேட்கலாமே, ஏஐயிடம் கேட்கலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்கலாம் தம்பி. எதைக் கேட்பது என்று தெரிந்தவன் கேட்பான்.

"ஸ்லைடைப் பார்த்து வாசிக்கும் ஆசிரியர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். என் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார். ஆனால் அவரை வேலைக்கு எடுத்தது யார்? கோடை விடுமுறையில் அட்மிஷன் பிடிக்க ஊர் ஊராக அனுப்பியது யார்? கல்லூரிக்குத் தரச்சான்று வாங்க நாக் ஃபைல், என்பிஏ ஃபைல் என்று ராத்திரி எட்டு மணி வரை உட்கார வைத்தது யார்? அவர் எப்போது தயார் செய்வார்? இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

"வேலை போய்விடும் என்ற பயம்தானே?" ஆமாம், பயம்தான். வீட்டுக்கடன் இருக்கிறது. பயந்தால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா?

"கிராமத்துப் பிள்ளைக்கு ஐஐடி பேராசிரியர் இலவசமாகக் கிடைப்பது பிடிக்கவில்லையா?" இதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது. அந்த ஐஐடி பாடங்களை ஆன்லைனில் தரும் என்பிடெலுக்கு எங்கள் கல்லூரியில் ஒரு லோக்கல் சாப்டர், அதாவது கிளை, இருக்கிறது; அதன் ஸ்பாக், அதாவது ஒருங்கிணைப்பாளர், யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம், 2014இலிருந்து சான்றிதழும் தருகிறது. பதிவு செய்ய வைப்பது, தேர்வுக் கட்டணத்துக்கு அப்பாக்களிடம் பேசுவது, அசைன்மெண்ட் கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி குரூப்பில் கத்துவது எல்லாம் நான். என்பிடெலே ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும், மெண்டர் வேண்டும் என்கிறது. உள்ளூர் ஆசிரியர் தேவையில்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் எங்களை எதற்குக் கேட்கிறார்கள்?

ஆனால் நிர்வாகத்துக்கு வேண்டியது எண்ணிக்கை. எத்தனை சான்றிதழ், அதில் எத்தனை எலைட் தரம், எத்தனை கோல்டு தரம். அந்த வார அசைன்மெண்ட் விடைகள் யூடியூபில் கிடைப்பது பிள்ளைகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மீட்டிங்கில் என்னை முறைப்பவர்களுக்கும் தெரியும். ஃபிளெக்ஸ் பேனரில் கல்லூரி முதல்வர் படம், தாளாளர் படம். ஸ்பாக் பெயர் கீழே எறும்பு எழுத்தில்கூட இல்லை. படம் வேண்டும் என்று கேட்கவில்லை. மூன்றாம் தரம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

பொறியியல் கல்லூரிகளுக்கு விதி வகுக்கும் ஏஐசிடிஇ 2018இல் ஆசிரியர்–மாணவர் விகிதத்தை 1:15இலிருந்து 1:20 ஆக்கியது. அதையாவது ஒழுங்காக வைத்திருக்கிறார்களா? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட பட்டியல் மறந்துவிட்டதா? ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்கு. முறைகேடு நடந்ததை அண்ணா பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளுக்குப் பாடம் எடுக்கும் தொழில்நுட்பத்தை கேமராகூட இல்லாமல் நம் ஊரில் சாதித்துக் காட்டிவிட்டார்கள். அதற்கும் யாராவது விருது கொடுங்கள்.

விருது பெற்றவரின் பாடத்தை டைம்டேபிளில் போடுங்கள், நானே பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறேன். கூடவே வாரம் இரண்டு டுடோரியல் பீரியட் கொடுங்கள், அறுபது பேரை மூன்றாகப் பிரிக்க இரண்டு ஆள் கொடுங்கள். ஹார்வர்டில் கொடுக்கிறார்கள், எம்ஐடியில் கொடுக்கிறார்கள். அதைச் சொன்னால் மட்டும் "மேடம், நாம என்ன ஹார்வர்டா" என்கிறார்கள்.

அப்புறம், "இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்களே ஒரு கோர்ஸ் பதிவு செய்து போடலாமே" என்று இன்பாக்ஸில் கேட்ட நண்பருக்கு: ஒரு காலர் மைக்கும் லைட் ஸ்டாண்டும் கேட்டு போன ஜூனிலேயே கடிதம் கொடுத்திருக்கிறேன். நாக் விசிட் முடியட்டும் மேடம் என்றார்கள். முடிந்துவிட்டது. இப்போது அட்மிஷன் முடியட்டும் என்கிறார்கள்.