ஏர் பிடித்த பையன்களின் பாட்டு எங்கே?

பர்மா தமிழர் வரலாற்றை யார் எழுதினாலும் செட்டியார் வட்டிக்கடையில் தொடங்கி, 1964-க்குப் பிறகு நாட்டைவிட்டுக் கப்பல் ஏறியதில் முடித்துவிடுகிறார்கள். 1852 ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பிறகு ஐராவதி டெல்டாவில் காடு வயலானது, 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல் கீழ் பர்மா நெல் வயலில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்தது, எல்லாம் இருக்கிறது. சரி, சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தச் சேற்றில் மாட்டின் பின்னால் நடந்த பையன் எங்கே? பேரேட்டில் அவன் இல்லை. பாட்டில்தான் இருந்தான்.

என் தாத்தா யாங்கோனுக்கு அருகே துவாந்தே பக்கம் சின்ன வயதிலேயே ஏர் பிடித்தவர். ஆனி மழை விழுந்ததும் தண்ணீர் நிற்கும் சேற்றில் தொளி உழவு. வயலின் நீளத்துக்கு ஒரு வரியை இழுத்துக்கொண்டே போவார். வரப்பு நெருங்கும்போது பாட்டு அறுந்து, குட்டையாக ஓர் அதட்டல் வரும். இடத்த மாடு அடியைக் குறைக்கும், வலத்த மாடு சுற்றி வரும், கொழு திரும்பும். அடுத்த வரி, அடுத்த சால். அவருக்குப் பாட்டும் வேலையும் வேறு வேறு இல்லை.

இது நேற்று வந்த பழக்கமா? சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலேயே காவிரிக்கரை உழவர்கள் ஏரை வாழ்த்தி ஏர்மங்கலம் பாடுகிறார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் சித்திரையில் முதல் உழவாகப் பொன்னேர் பூட்டுவார்கள். இங்கே பர்மாவிலும் மன்னரே வயலில் இறங்கி ஏர் பிடிக்கும் மங்கல விழா அரண்மனையில் இருந்தது. நாற்று நடவுக்கு வரப்பில் மேளம் அடித்த பர்மியர்கள் அதை இன்றும் பெருமையாக மேடையேற்றுகிறார்கள்.

நாம்? பொங்கலுக்குக் கோவில் மண்டபத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆடவிடுகிறோம். உழுத பெரியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, பேசாமல் அனுப்பிவிடுகிறோம். பாடச் சொன்னால் சிலர் கூச்சப்படுகிறார்கள், ‘அது கூலிக்காரப் பாட்டுப்பா’ என்று. அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நம்முடைய பாராமுகம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏர் போய்க் கை டிராக்டர் வந்ததில் எனக்கு வருத்தமில்லை, முதுகெலும்பு தப்பித்தது. பாட்டும் கூடவே போக வேண்டுமா என்ன?

வீட்டில் எண்பது தாண்டிய தாத்தா இருந்தால் இந்த வாரமே போனை முன்னால் வைத்துப் பாடச் சொல்லுங்கள். நடுவில் வரி மறந்தாலும் நிறுத்தாதீர்கள். எந்த ஊர் வயல், யாருடைய மாடு, யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கோவில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் பொங்கலுக்குள் ஒரு பாட்டாவது சொல்லிக்கொடுப்போம்.