வரைபடத்தின் அளவை வாசிக்காமல் கோப்பு விற்பவர்களுக்கு

கையால் வரைந்த படத்தை ஸ்கான் செய்து, படத்தின் கோடுகளைத் தானாகவே பிரதியெடுக்கும் ஓட்டோ ட்ரேஸ் பொத்தானை மென்பொருளில் அழுத்தி, வெளியே வருவதை வெட்டும் இயந்திரத்துக்கான டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பாகச் சேமித்து, அதற்குப் பணமும் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரைப் பட்டறைக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. திருகோணமலையில், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத் தகடு வெட்டும் சிஎன்சி பிளாஸ்மா இயந்திரம் வைத்திருக்கும் நாங்கள், வெட்டுவதை விட்டு இந்தக் குப்பையை அள்ளுவதில் நாளைக் கழிக்கிறோம்.

கொட்பேயில் படகு வைத்திருக்கும் மீனவர் ஒருவர், குழாய்களைப் போல்ட் பூட்டி இணைக்கும் ஃபிளேஞ்ச் தட்டு ஒன்றுக்கான கோப்போடு வந்தார். நடுவில் பெரிய துளை, சுற்றிலும் ஆறு போல்ட் துளைகள், அவ்வளவுதான். நகரின் கடையொன்றில் காசு கொடுத்து வாங்கிய அந்தக் கோப்பில் ஒவ்வொரு கோடும் இரண்டாக இருந்தது. பேனாக் கோட்டுக்குத் தடிப்பு உண்டு. அந்தத் தடிப்பின் இரு கரைகளையும் மென்பொருள் தனித்தனிக் கோடுகளாக எடுத்துவிடுகிறது. அரை மில்லிமீற்றர் இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரு வட்டங்களில் எதை வெட்டுவது? அவையும் வட்டங்களாக இல்லை. மையமும் ஆரையும் கொண்டு ஒரே வளைவாக இருக்கவேண்டியது, எண்ணற்ற குட்டி நேர்கோடுகளாக நொறுங்கிக் கிடந்தது. அத்தகைய பாதையில் டோர்ச் எனும் வெட்டுமுனை விக்கி விக்கி நகரும். வெட்டு விளிம்பு பல்லுப் பல்லாக வரும். சில கோடுகள் முட்டவும் இல்லை. மூடாத கோட்டுக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியாததால், பிளாஸ்மா தின்னும் அகலத்தை எந்தப் பக்கம் ஒதுக்குவதென்றும் மென்பொருளால் கணிக்க முடியாது. ஒதுக்காமல் வெட்டினால் துளை பெருத்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஆத்திரம் தருவது அளவு விடயம்தான். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஒழுங்காக ஸ்கான் செய்த தாளில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.085 மில்லிமீற்றர், அதை வைத்து ஓரளவு வேலை செய்யலாம். ஆனால் பல சமயம் வருவது, தாளைச் சாய்வாகப் பிடித்துக் கைபேசியில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிய படம். சாய்ந்த படத்தில் வட்டம் நீள்வட்டமாகிவிடும். எத்தனை முறை ட்ரேஸ் செய்தாலும் நீள்வட்டமே வரும். மில்லிமீற்றர் அங்குலமாக மாறி 25.4 மடங்கு பெருத்தால் உடனே கண்ணில் படும். நூற்றுக்கு இரண்டு பங்கு பிசகினால் திரையில் யாருக்கும் தெரியாது. போல்ட் துளைகள் அமையும் 150 மில்லிமீற்றர் வட்டத்தில் அது 3 மில்லிமீற்றர், தட்டைப் பொருத்தப் போகும்போது போல்ட்டுகள் ஒழுங்காக நுழையாது.

இத்தனைக்கும் அந்த மீனவரின் படத்தில் எல்லா அளவுகளும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அந்த இலக்கங்களையும் ட்ரேஸ் செய்து, வெட்டுக்கோடுகளாக்கி வைத்திருந்தார்கள்! ஒருவர்கூட அவற்றை வாசிக்கவில்லை. வாசித்து, அந்த அளவிலேயே புதிதாக வரைந்திருந்தால் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

பெயர்ப்பலகைக்கும் பூவேலைப்பாட்டுக்கும் ட்ரேஸ் போதும், அதிலும் தேவையற்ற புள்ளிகளைக் களையவேண்டும். இயந்திரப் பாகத்துக்கு அது ஒருபோதும் ஆகாது. பழைய தட்டு கையில் இருந்தால் அதையே கொண்டுவாருங்கள், வேர்ணியர் அளவுகோலால் அளந்து நாங்களே வரைகிறோம். கோப்பு விற்கும் கடைக்காரர்கள், ட்ரேஸ் செய்ததா, அளவெடுத்து வரைந்ததா என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லட்டும். அந்த மீனவரிடம் வாங்கியதையும் திருப்பிக் கொடுக்கட்டும்.