ஸாக்ரெபில் தோற்றுப்போனவர்கள்

"போராடி என்னத்தைக் கிழித்தீர்கள்?" என்று கேட்கிறவர்களிடம் குரோஷியாவின் தலைநகரம் ஸாக்ரெபில் நடந்ததைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

ஊரின் நட்டநடுவில் வார்ஷாவ்ஸ்கா என்று ஒரு தெரு. கார்கள் நுழையாத, ஜனங்கள் காலாற நடக்கிற தெரு. பக்கத்தில் ஒரு முதலாளி வணிக வளாகம் கட்டக் கிளம்பினார். அதன் பாதாள கார் நிறுத்தத்துக்குள் வண்டிகள் இறங்க வழி வேண்டுமே? அதற்கு அந்தத் தெருவையே தோண்டிச் சரிவுப்பாதை போட்டுக்கொள்ள மாநகராட்சி விட்டுவிட்டது. எதிர்த்து ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். மேயர் மிலான் பாந்திச் சட்டை செய்யவில்லை. 'நகரத்தின் மீதான உரிமை' என்ற சின்னக் குழுவும் சில சூழலியல்காரர்களும் தெருவில் இறங்கி மறித்தார்கள். 2010 ஜூலையில் போலீஸ் வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது. சரிவுப்பாதை வந்தேவிட்டது.

சரி, தோல்விதான். ஆனால் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவரான தொமிஸ்லாவ் தொமாஷெவிச் 2021-ல் அதே ஊருக்கு மேயராகிவிட்டார். அவருடைய 'மோஷெமோ' கட்சி தொடங்கி இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. நடுவில் சில வருடங்கள் தவிர, 2000-லிருந்து ஊரைக் கையில் வைத்திருந்த பாந்திச் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு இறந்துபோனதும் சேர்ந்துகொண்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பதினோரு வருடங்களாகக் கோப்புகளைப் படித்து, மாநகராட்சிக் கூட்டங்களில் சண்டை போட்டுப் பழகிய ஆட்கள் தயாராக இருந்தார்களே, அதுதான் விஷயம். அந்தப் பயிற்சி தோற்ற தெருவில் தொடங்கியது.

சோஷலிசம் போன பிறகு, குரோஷியா, செர்பியா என்று பழைய யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடுகளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். யூகோஸ்லாவியாவில் 'சமூகச் சொத்து' என்று இருந்த தொழிற்சாலைகள் தொண்ணூறுகளில் வேண்டப்பட்டவர்கள் கைக்குப் போயின. பல ஊர்களில் கட்சி என்றால் வேலை வாங்கித் தருகிற இடம் என்றாகிவிட்டது. வெளிநாட்டு நிதியில் தன்னார்வ அமைப்புகள் வந்தன. அவற்றில் பல நல்ல வேலையும் செய்தன. ஆனால் ஜனநாயகம் பற்றிய பயிலரங்குகளில் "இந்த நிலம் யாருக்குப் போகிறது?" என்ற கேள்வி அதிகம் எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதை ஓரத்தில் நின்ற சின்னக் குழுக்கள்தான் கேட்டன.

செர்பியாவின் தலைநகரம் பெல்கிரேடிலும் இதே கதைதான், இன்னும் முரட்டுத்தனமாக. 2016 ஏப்ரலில், தேர்தல் நாள் இரவில், முகமூடி போட்ட ஆட்கள் சாவமாலா என்ற நதிக்கரைப் பகுதிக்கு இயந்திரங்களோடு வந்து, ஒரு பெரிய கட்டுமானத் திட்டத்துக்கு வழிவிடக் கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். காவலாளியையும் வழியில் போனவர்களையும் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். போன் செய்து கூப்பிட்டும் போலீஸ் வரவில்லை. அப்புறம் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு பெரிய மஞ்சள் வாத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இங்கேயும் தோல்விதான், அந்த நதிக்கரையில் கோபுரங்கள் எழுந்துவிட்டன. ஆனால் வாத்துக்காரர்கள் 2022-ல் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள்.

இதில் ரொம்பவும் புல்லரித்துப் போகாதீர்கள். ஓரம் என்றால் எப்போதும் நம் பக்கத்து ஓரம் என்று அர்த்தமில்லை. அதே குரோஷியாவில் 'குடும்பத்தின் பெயரால்' என்ற மதச்சார்புக் குழு ஏழு லட்சம் கையெழுத்துக்கு மேல் திரட்டி, 2013 டிசம்பரில் பொதுவாக்கெடுப்பு நடத்த வைத்தது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வைத்துவிட்டார்கள். தெருமுனை மேஜை, கையெழுத்துத் தாள், தன்னார்வலர்கள் என்று கருவிகள் எல்லாம் ஒன்றுதான். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் போராட்டத்தின் பலத்தைப் பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

ஆட்சிக்கு வந்த பிறகு தொமாஷெவிச்சுக்கும் தலைவலி. 2022-ல் குப்பை போட நீலப் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கொண்டுவந்தபோது தொட்டிகளைச் சுற்றிக் குப்பை குவிந்தது, ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். இருந்தும் 2025-ல் மறுபடி ஜெயித்துவிட்டார். இப்போது மனுவை எடுத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போகிறவர்களை எப்படி நடத்துகிறார் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.