11 பேர் சேர்ந்தால் 15 லட்சமா?

"11 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்தால் மத்திய அரசு ஒவ்வொருவர் கணக்கிலும் 15 லட்சம் போடும்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

2020-ல் தொடங்கிய, 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை (விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் அமைப்புகளை) உருவாக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் 15 லட்சம் என்ற எண் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு நிறுவனம் முழுவதற்குமான பங்கு மானியத்தின் உச்சவரம்பு. உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக அரசு தருவது, ஆளுக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 750 பேர் தலா 2,000 கட்டினால்தான் அந்த 15 லட்சம். அதுவும் கையில் வராது. நிறுவனத்தின் மூலதனத்தில் பங்காகச் சேரும்.

தனியாக, 3 ஆண்டுகளுக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவுக்குக் கிடைக்கும். தலைமை நிர்வாகி, கணக்காளர் சம்பளம், அலுவலக வாடகை போன்றவை இதில் அடங்கும். இதுவும் யாருக்கும் பிரித்துக் கொடுப்பதல்ல.

11 பேர் கதை? இத்தகைய நிறுவனத்தை உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிவு செய்யச் சட்டப்படி 10 விவசாயிகளே போதும். குழப்பம் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். திட்டத்தின் உதவிக்கோ சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மலைப்பகுதியிலும் வடகிழக்கிலும் 100 பேர் வேண்டும். கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தாலும் இதே விதிதான்.

"பெயர் சேர்க்க" என்று யாராவது ஆதார் நகலும் முன்பணமும் கேட்டால் கொடுக்காதீர்கள். வேளாண் துறை அலுவலகத்திலோ நபார்டு (வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) மாவட்ட அலுவலரிடமோ நேரில் கேளுங்கள்.