வெள்ளைச் சட்டைப் பையனுக்கு மாசம் எவ்வளவு சம்பளம்?

ஜப்பானின் சப்போரோவில் எடுத்த அந்த ரீலைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று நான்காவது ஆளும் அதில் என்னை டேக் செய்து, "நீங்க ஜப்பான்லதானே இருக்கீங்க, இந்தக் கூத்தப் பாத்தீங்களா" என்று கேட்டு ஐந்து சிரிப்புப் பொம்மை போட்டதும் பொறுக்கவில்லை. பார்த்தேன். ஸ்டேஷன் வாசலில், கொட்டும் பனியில், மார்மன் என்ற அமெரிக்கச் சபையின் ஊழியத்துக்காக, அதாவது மதம் பரப்ப, வந்த இரண்டு பையன்களை நம்மாட்கள் சிலர் "இருபது நிமிஷம் நிக்க வச்சு செஞ்சோம்" என்று தலைப்பிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். "மாசம் எவ்ளோ சம்பளம் தம்பி? தலைக்கு எவ்ளோ கமிஷன்?" என்று தமிழில் கேட்கிறார்கள். புரியாமல் அந்தப் பையன் சிரிக்கிறான். அதுதான் நகைச்சுவையாம்.

சம்பளம் கிடையாது. கமிஷனும் கிடையாது. அவன்தான் காசு கட்டுகிறான்.

முதலில் இந்தக் கணக்கை முடித்துவிடுகிறேன். மார்மன் சபையில் (2018-இல் அப்போது தலைவராக இருந்த ரசல் நெல்சன் அந்தப் பெயரே வேண்டாம், "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை" என்று முழுசாகச் சொல்லுங்கள் என்றார், இந்தப் பதிவின் நீளம் கருதி அவர்கள் மன்னிக்கட்டும்) ஊழியத்துக்குப் போகும் பையன் இருபத்து நான்கு மாதம், பெண் பதினெட்டு மாதம். அமெரிக்காவிலிருந்து போகிறவனுக்கு மாதக் கட்டணம் 400 டாலராக இருந்தது. 2020 ஜூலையில் 500 ஆக்கினார்கள். இருபத்து நான்கு மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம் டாலர், நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். பையன் பள்ளிக்கூட நாளில் புல் வெட்டியும் பர்கர் கடையில் நின்றும் சேர்த்தது, அப்பா அம்மா போட்டது, போதாவிட்டால் உள்ளூர் சபைக்காரர்கள் கொடுத்தது. எல்லாம் பொதுக் கணக்குக்குப் போகிறது. டோக்கியோ மாதிரி விலைவாசி உள்ள ஊருக்குப் போகிறவனும், மலிவான ஊருக்குப் போகிறவனும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். அதிலிருந்து சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு சிறு தொகை மாதாமாதம் அட்டையில் ஏறும். மூன்றாவது வாரமே அது இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று நிற்கும். ராத்திரி சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் வெள்ளைக்காரப் பையன்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானுக்குத்தான் வரணும். முட்டைக்கோஸ், முளைப்பயறு, சோறு. மறுநாளும் அதுவே.

"சரி, ஓசியில் ஜப்பான் டூர்தானே" என்று கீழே கமெண்டில் ஒருவர். ஐயா, எந்த நாடு என்பதை அவன் தேர்ந்தெடுப்பதே இல்லை. பல் மருத்துவர் சான்று, உடல் பரிசோதனை, ஆயருடன் ஒரு நேர்காணல், அவருக்கு மேலே இருப்பவருடன் இன்னொன்று என்று எல்லாம் முடிந்து விண்ணப்பம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் உள்ள சபைத் தலைமையகத்துக்குப் போனால், அங்கே அப்போஸ்தலர் ஒருவர் (சபையின் உயர் தலைவர்களுக்கு அந்தப் பட்டம்) ஜெபம் பண்ணி ஊரைத் தீர்மானிப்பார். முன்பு பெரிய வெள்ளை உறையில் தபாலில் வரும், இப்போது இணையத்தில். குடும்பமே சுற்றி நிற்க ஒருவன் பிரேசில் என்று படிப்பான், இன்னொருவன் பக்கத்து மாநிலமான ஐடஹோ என்று படித்துவிட்டு ஏமாற்றத்தை மறைத்துச் சிரிப்பான். 2012-க்கு முன் பையன்களுக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும், பெண்களுக்கு 21. அந்த அக்டோபரில் 18, 19 என்று குறைத்தார்கள். அதாவது ரீலில் நீங்கள் "செய்த" ஆள், பிளஸ் டூ முடித்த நம் வீட்டுப் பிள்ளை வயது.

ஜப்பான் என்று வந்தால் யூட்டாவின் ப்ரோவோ பயிற்சி நிலையத்தில் சுமார் ஒன்பது வாரம் மொழிப் பாடம். வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். நமக்கு அல்வா. "நான் பள்ளிக்குப் போனேன்" என்று வார்த்தைக்கு வார்த்தை வைத்தால் ஜப்பானிய வாக்கியம் வந்துவிடும். ஆங்கிலத்தில் யோசிக்கிறவனுக்கு அது தலைகீழாக நின்று சாப்பிடுகிற மாதிரி. மரியாதை வினைகள் அதற்கு மேல். ஜெபத்தில் "தென் நோ ஒதோசமா", பரலோகத் தகப்பனே, என்று தொடங்கக் கற்றுக்கொண்டு விமானம் ஏறுகிறான். இறங்கியதும் ரயில் அறிவிப்புகூடப் புரியாது.

இனி அந்த "சொகுசு" தினசரி. காலை ஆறரைக்கு எழ வேண்டும். ஊருக்கு ஊர் சற்று முன்பின் ஆகலாம், ஆனால் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு மேல் கிடையாது. அரை மணி உடற்பயிற்சி. குளியல், காலைச் சாப்பாடு. பிறகு தனியாக வேதப் படிப்பு, ஜோடியோடு சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு. காலை பாதி போனதும் வெளியே. இரவு ஒன்பது, ஏதாவது வீட்டில் பாடம் இருந்தால் ஒன்பதரைக்குள் திரும்ப வேண்டும். பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். ஜோடி என்று சொன்னேனே, அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. குளியலறை தவிர எங்கேயும் தனியாக இருக்கக் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இன்னொருவன் எப்போதும் இருப்பான். அவனையும் நீ தேர்ந்தெடுக்கவில்லை. குறட்டை விடுவான், பாத்திரம் கழுவ மாட்டான், மெல்லும் சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். வாரத் திட்டம் போட உட்காரும்போது ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லித் தீர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகி இருபது வருஷமானவர்களுக்கே வாய்க்காத கலை, பத்தொன்பது வயதில்! ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். பெட்டி கூரியரில் போகும், இவன் ரயிலில். அடுத்த ஊர், அடுத்த குறட்டை. புதிதாக வந்தவனுக்கு மட்டும் முதல் பன்னிரண்டு வாரம் ஒரு பயிற்சியாளர். அந்தப் பயிற்சியாளருக்கும் வயது இருபதுதான்.

திங்கட்கிழமை பொதுவாக "தயாரிப்பு நாள்". விடுமுறை என்று நினைக்காதீர்கள். ஒரு வாரத்து வெள்ளைச் சட்டைகளைத் துவைக்க வேண்டும், காலர் மஞ்சளைத் தேய்க்க வேண்டும், முடி வெட்ட வேண்டும், மளிகை வாங்க வேண்டும், வீட்டுக்கு எழுத வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி சட்டை, டை. 2019 பிப்ரவரி வரைக்கும் வீட்டோடு தொலைபேசியில் பேச வருஷத்தில் இரண்டே நாள்: கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இப்போது வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம். இது நல்ல மாற்றம், ரொம்பத் தாமதமான மாற்றம். சினிமா கிடையாது, காதல் கிடையாது, நீச்சல் கிடையாது. தாத்தா செத்தால்கூடப் பெரும்பாலும் ஊருக்குப் போவதில்லை.

பனி இல்லாத மாதங்களில் சைக்கிள். வலது கால்சட்டை விளிம்பில் சங்கிலிக் கறை படியாமலிருக்க ரப்பர் பட்டை மாட்டியிருப்பார்கள், அப்படியும் படியும். மழைக்கோட்டுக்குள் வியர்வையில் நனைவதும் மழையில் நனைவதும் ஒன்றுதான் என்று இரண்டாவது ஜூனில் கண்டுபிடிப்பார்கள். சப்போரோவில் ஒரு குளிர்காலத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் பனி விழுகிறது. அப்போது நடைதான், காலணிக்கு அடியில் முள் பட்டை கட்டிக்கொண்டு. அதில் வழுக்கியதையும் ஸ்லோ மோஷனில் போட்டீர்களே, நல்லா இருந்தது.

அந்தக் கறுப்புப் பெயர்ப்பட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? குடும்பப் பெயரும் "ச்சோரோ" என்ற சொல்லும். மூப்பர் என்று அர்த்தம். ஜப்பானியக் கிழவிகள் அதைப் படித்துவிட்டு, மீசை அரும்பாத முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. உங்கள் சிரிப்பில் இருந்தது.

கதவு தட்டுவதைப் பற்றியும் கொஞ்சம். ஜப்பானில் கதவு திறப்பதே அபூர்வம். இன்டர்காமில் "கெக்கோ தெஸ்", வேண்டாம், என்று ஒரு குரல், அவ்வளவுதான். மதம் என்றாலே இங்கே பயம். 1995-இல் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கும்பல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வாயு விட்டது. 2022-இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவன், ஒருங்கிணைப்புச் சபை (யூனிஃபிகேஷன் சர்ச்) என்ற வேறொரு மத அமைப்பு தன் அம்மாவின் பணத்தை உறிஞ்சியதைக் காரணம் சொன்னான். இதெல்லாம் தெரிந்த ஊரில் டை கட்டிக்கொண்டு "கடவுளைப் பற்றிப் பேசலாமா" என்று நிற்பது எவ்வளவு பெரிய மடத்தனமோ அவ்வளவு பெரிய தைரியம். மீறி யாராவது கேட்டுவிட்டு "கங்காயெதே ஒகிமஸ்", யோசித்து வைக்கிறேன், என்றால் புதுப்பையன் சந்தோஷமாக நோட்டில் பெயர் எழுதுவான். நம் ஊர் "பார்க்கலாம் தம்பி"தான் அது. மறுவாரம் போனால் வீட்டில் ஆள் இருக்காது, விளக்கு மட்டும் எரியும். இது புரிய ஆறு மாதம் ஆகும்.

உள்ளே கூப்பிட்டுவிட்டால் அடுத்த சங்கடம் தேநீர். காபி, தேயிலை, மது, புகையிலை கூடாது என்பது 1833-இல் வந்த ஒரு போதனை. ஜப்பானில் பச்சைத் தேநீரை மறுப்பது நம் வீட்டில் தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவிடுவதற்குச் சமம். அதனால் "முகிச்சா இருக்கிறதா" என்று கேட்கப் பழக்குவார்கள். வறுத்த பார்லியில் போடுவது, தேயிலை கிடையாது, எனவே சரி. வாசலிலேயே காலணி கழற்றணும், எனவே கயிறு இல்லாத காலணி நல்லது, ஓட்டைச் சாக்ஸ் ஆகாது. மாதத்தில் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் சரி, மதம் மாத்தத்தானே வரான்?" ஆமாம். அதற்குத்தான் வருகிறான், ஒளித்துச் செய்யவில்லை, நெஞ்சில் பட்டை குத்திக்கொண்டு வருகிறான். 1820-இல் நியூயார்க் மாநிலத்துக் காட்டில் பதினான்கு வயது ஜோசப் ஸ்மித் கடவுளைக் கண்டான் என்பான், 1830-இல் வந்த மார்மன் புத்தகத்தைக் கொடுப்பான், படித்துவிட்டு உண்மையா என்று கடவுளிடமே கேள் என்பான். நான் நம்பவில்லை. வேண்டாம் என்றால் போய்விடுவான். வேண்டாம் என்று சொல்ல மூன்று விநாடி போதும், இருபது நிமிடம் தேவையில்லை.

"அவங்க நாலு பொண்டாட்டிக்காரங்கதானே?" 1890-லேயே சபை அதை அதிகாரபூர்வமாக விட்டுவிட்டது. இன்று செய்தால் வெளியேற்றம். அடுத்த கேள்வி.

"கறுப்பினத்தவரை ஒதுக்கிய சபை." உண்மை. 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் (சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம்) கொடுக்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, தேடவும் போவதில்லை. ஆனால் இந்தப் பையன் பிறந்தது அதற்கு ஒரு தலைமுறை கழித்து.

"சபைகிட்ட கோடி கோடியா பணம் இருக்கே?" இதற்குத்தான் காத்திருந்தேன். இருக்கிறது! 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம், முதலீடுகளைப் போலி நிறுவனங்களின் பெயரில் மறைத்துக் காட்டியதற்காகச் சபைக்கும் அதன் முதலீட்டு நிறுவனத்துக்குமாக ஐம்பது லட்சம் டாலர் அபராதம் போட்டது. அவ்வளவு வைத்துக்கொண்டு பத்தொன்பது வயதுக்காரனிடம் மாதம் ஐந்நூறு டாலர் ஏன் வாங்குகிறீர்கள் என்று சால்ட் லேக் சிட்டி அலுவலக வாசலில் மைக்கை நீட்டுங்கள், நானும் பின்னால் நிற்கிறேன். போக மாட்டீர்கள். அங்கே வக்கீல் இருப்பார். இங்கே மூக்கு சிவந்த பையன்தான் இருக்கிறான், திருப்பி அடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்டவன்.

கமிஷன் கடை என்றால் ஜப்பானில் என்றைக்கோ மூடியிருப்பார்கள். 1901-இல் ஹீபர் கிராண்ட் யோகோஹாமாவில் இறங்கினார். பின்னாளில் சபைக்கே தலைவரானவர், ஆனால் ஜப்பானிய மொழி அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. 1909-இல் மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தார்கள். 1924 வரை முயன்றும் இருநூறு பேர்கூடச் சேரவில்லை, மூடிவிட்டுப் போனார்கள். 1948-இல் திரும்ப வந்தார்கள். எந்த வியாபாரி இப்படி வருவான்?

"மூளைச்சலவை" என்கிறவர்களுக்கும் ஒன்று. இருக்கலாம். ஆனால் இவர்களில் பலர் பாதியில் உடைந்து திரும்புகிறார்கள், தூக்கமில்லாமல், பயத்தில், தன்னால் முடியவில்லை என்ற குற்ற உணர்ச்சியில். ஊரில் இறங்கினால் வரவேற்கப் பலூனோடு நிற்க வேண்டிய சொந்தக்காரர்கள் தரையைப் பார்ப்பார்கள். முன்னூறு "வேண்டாம்" கேட்டுவிட்டு இரவு பாயில் படுத்து, பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காமல் அழுகிற ஒருவனுக்கு, முன்னூற்று ஒன்றாவதாக உங்கள் கேமரா.

இல்லை, நான் அவர்கள் ஆள் இல்லை. காலையில் இரண்டு டம்ளர் பில்டர் காபி குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "கிறிப்டோ" (ரகசியக் கிறிஸ்தவன்) என்று முதல் கமெண்ட் வரும், வரட்டும். பகுத்தறிவு பேசுகிறவர்கள்தான் இதை அதிகம் பகிர்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. உங்களிடமிருந்துதான் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டேன். கேள்வி கேட்பதும் பதில் சொல்லும் மொழி தெரியாதவனிடம் கேட்டுச் சிரிப்பதும் ஒன்றா?

ரீலின் கடைசியில் அந்தப் பையன் கையில் ஒரு அட்டை இருக்கிறது. "நோட்டீஸ் கொடுத்து மடக்கப் பார்க்கிறான்" என்று எழுத்து ஓடுகிறது. நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். வாரம் ஒருநாள் அவர்கள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்பின் அட்டை அது. பின்னால் ஸ்டேஷன் கடிகாரம் எட்டு ஐம்பத்தைந்து காட்டுகிறது. ஒன்பதுக்கு அறையில் இருக்க வேண்டியவன். கூட வந்தவன் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான், இவன் சட்டையை ஒருமுறை இழுக்கிறான். ஆனாலும் நீங்கள் பேசி முடிக்கும்வரை போகவில்லை. முடித்ததும் இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு, ஓடவும் முடியாத பனியில் ஓடுகிறார்கள்.